எதிராளியின் கணினியில் நம் ஆர்டர்: டெலிபோன் கம்பெனிகளுக்கு இடையிலான மின்வழி ஆர்டர் ஒப்பந்தம், புதியவர்களுக்காக

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடம், நாலாவது மாடி, ராத்திரி ஒன்றரை மணி. நாங்கள் வேலை பார்த்தது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த ஒரு சின்ன டெலிபோன் கம்பெனிக்காக. அந்த ஊரில் அப்போது சாயங்காலம் நாலு மணி. ஒரு மருந்துக்கடைக்காரர் தன் இரண்டு லைன்களையும் பழைய கம்பெனியிடமிருந்து எங்கள் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். ஆர்டரைப் பூர்த்தி செய்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது: முகவரி பொருந்தவில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அனுப்பினேன். மறுபடியும் திரும்பியது.

பக்கத்து இருக்கை சீனியரைக் கூப்பிட்டேன். "அண்ணே, கடைக்காரரோட பில்லைப் பார்த்துத்தான் அடிச்சேன். அட்ரஸ் சரியாத்தான் இருக்கு."

"பில்லுல இருக்கிறதை விடுப்பா. அவங்க டேட்டாபேஸ்ல என்ன இருக்கோ அதுதான் அட்ரஸ். மொதல்ல உள்ள போய் எடுத்துப் பாரு."

உள்ளே போய்ப் பார்த்தேன். தெருப்பெயருக்கு முன்னால் வரும் 'வடக்கு' என்ற சொல்லுக்கு அவர்களிடம் ஒற்றை எழுத்தில் தனிக் கட்டம் இருந்தது. நான் அதைத் தெருப்பெயரோடு சேர்த்து அடித்திருந்தேன். திருத்தி அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் அந்த ஊரில் அன்றைய வேலைநேரம் முடிந்துவிட்டது. கடைக்காரருக்கு ஒரு நாள் தள்ளிப்போனது.

அன்றைக்கு என் மனத்தில் தங்கிவிட்டது முகவரி விஷயம் அல்ல, 'உள்ள போய்ப் பாரு' என்று அண்ணன் சொன்னதுதான். நாங்கள் போன அந்த 'உள்ளே' எங்கள் கம்பெனியுடையது இல்லை. எந்தக் கம்பெனியிடமிருந்து அந்தக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வருகிறோமோ, அதே கம்பெனியின் கணினி. போட்டிக் கம்பெனிக்காரனைத் தன் கணினிக்குள் விட யார் சம்மதிப்பார்கள்? எந்த நிபந்தனையில் விடுவார்கள்? அதைச் சொல்லும் ஒப்பந்தத்தைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது. புரிவதற்காக, கம்பியும் எக்ஸ்சேஞ்சும் சொந்தமாக வைத்திருப்பதைப் 'பழைய கம்பெனி' என்றும், அதன் இடத்தில் போட்டிக்கு வந்திருப்பதைப் 'புதுக் கம்பெனி' என்றும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1984 ஜனவரி 1 அன்று ஏ.டி.அண்ட்.டி. என்ற மாபெரும் நிறுவனம் உடைக்கப்பட்டு, உள்ளூர் டெலிபோன் தொழில் ஏழு வட்டாரக் கம்பெனிகளின் கைக்குப் போனது. நெடுந்தூர அழைப்பில் போட்டி வந்தது. ஆனால் வீட்டு வாசல்வரை வரும் கம்பி அந்தந்த வட்டாரக் கம்பெனியிடமே இருந்தது. தெருத்தெருவாகத் தோண்டி இன்னொரு கம்பி போட யாராலும் எளிதில் முடியாது. 1996 பிப்ரவரி 8 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது. அதன் 251-வது பிரிவின்படி, பழைய கம்பெனி தன் நெட்வொர்க்கைப் பகுதி பகுதியாகப் போட்டியாளருக்கு வாடகைக்குத் தர வேண்டியிருந்தது. தன் சேவையை மொத்த விலைக்கு மறுவிற்பனைக்கும் தர வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் கம்பெனி மாறினால் எண்ணையும் கூடவே எடுத்துப்போக விட வேண்டும்.

கம்பி வாடகைக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கம்பியை எப்படிக் கேட்டு வாங்குவது?

பழைய கம்பெனியின் விற்பனைப் பெண் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் போனில் இருக்கும்போதே அவர் திரையில் முகவரியைப் பார்க்கிறார், காலியாக உள்ள எண்களில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார், 'வியாழக்கிழமை ஆள் வருவார்' என்று தேதியும் சொல்லிவிடுகிறார். புதுக் கம்பெனியின் ஊழியரோ ஒரு படிவத்தை நிரப்பி ஃபேக்ஸ் அனுப்புகிறார். அந்தப் பக்கம் ஒருவர் அதை எடுத்து, படித்து, தங்கள் கணினியில் திரும்ப அடிக்கிறார். அடிக்கும்போது தப்பு வரலாம், தாள் காணாமல் போகலாம், நாலு நாள் மேசையிலேயே கிடக்கலாம். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தெரியாது. 'புதுக் கம்பெனி சரியில்லை' என்றுதான் அவர் முடிவுக்கு வருவார்.

இதைப் புரிந்துகொண்டு 1996 ஆகஸ்டில் மத்திய தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஒரு முக்கியமான முடிவெடுத்தது. கம்பியைப் போல, எக்ஸ்சேஞ்சைப் போல, ஆர்டரைக் கையாளும் கணினி அமைப்பும் நெட்வொர்க்கின் ஒரு பகுதிதான் என்றது. அதற்குத் தொழிலில் வழங்கும் பெயர் ஓ.எஸ்.எஸ். அதற்குள் ஐந்து வேலைகள் அடங்கும்: ஆர்டருக்கு முன் விவரம் பார்ப்பது, ஆர்டர் போடுவது, இணைப்பைத் தருவது, பழுது பார்ப்பது, பில் போடுவது. இந்த ஐந்தையும் பழைய கம்பெனி தனக்கு எவ்வளவு நேரத்தில், எந்த முறையில் செய்துகொள்கிறதோ, கிட்டத்தட்ட அதே நேரத்தில், அதே முறையில் போட்டியாளருக்கும் செய்து தர வேண்டும். 1997 ஜனவரி 1-க்குள் தர வேண்டும் என்று கெடுவும் வைத்தது. பழைய கம்பெனிகள் நீதிமன்றம் போயின. 1999 ஜனவரி 25 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி ஸ்கலியா எழுதிய தீர்ப்பில், ஓ.எஸ்.எஸ். நெட்வொர்க்கின் பகுதியாகக் கருதப்படலாம் என்பதை ஏற்றுக்கொண்டது.

சட்டம் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையை அன்றாடம் பயன்படுத்தும் விதத்தை ஒப்பந்தம் சொல்கிறது. இதைத் தனியாகப் போடுவதில்லை. இரு கம்பெனிகளும் செய்துகொள்ளும் பெரிய இணைப்பு உடன்படிக்கைக்குள் ஓ.எஸ்.எஸ். என்று தலைப்பிட்டு ஓர் அத்தியாயமாகவோ இணைப்பாகவோ இது இருக்கும். புதுக் கம்பெனி 'ஒப்பந்தம் போடலாம்' என்று கோரிக்கை கொடுத்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும். பேச்சு ஒத்துவராவிட்டால் 135-வது நாளுக்கும் 160-வது நாளுக்கும் இடையில் இரு கம்பெனிகளில் எது வேண்டுமானாலும், டெலிபோன் தொழிலைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்திடம் போய் நடுவராக இருக்கச் சொல்லலாம். கோரிக்கை கொடுத்த ஒன்பது மாதத்துக்குள் ஆணையம் தீர்த்துவைக்க வேண்டும். பேசி முடித்த ஒப்பந்தமோ தீர்ப்பில் வந்த ஒப்பந்தமோ, எதுவானாலும் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்; ஒப்புதலுக்குப் பிறகு அது எல்லோரும் பார்க்கக்கூடிய ஆவணம். இன்னொரு கம்பெனி போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தையே 'எனக்கும் இதைக் கொடுங்கள்' என்று கேட்டு எடுத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. முதலில் தேவையான ஷரத்தை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. 2004-லிருந்து, எடுத்தால் முழு ஒப்பந்தத்தையும் எடுக்க வேண்டும். சின்னக் கம்பெனிகள் பலவும் இப்படி எடுத்துக்கொண்ட ஒப்பந்தத்தில்தான் ஓடுகின்றன. அதனாலேயே, தாங்கள் கையெழுத்திட்டதை அவர்கள் முழுதாகப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அந்த அத்தியாயத்தைப் புதிதாகப் படிப்பவருக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. எந்த ஷரத்தை எடுத்தாலும், 'இது யாருடைய, எந்தச் சபலத்தைத் தடுக்க எழுதியது?' என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் போட்டியாளர்கள். புதுக் கம்பெனிக்குப் பழைய கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியல் மேல் கண். பழைய கம்பெனிக்கோ, விட்டுப்போகும் வாடிக்கையாளர் யார் என்ற தகவல் இனிக்கும். இரண்டு தகவலும் ஒரே திரையில் இருக்கின்றன. இதை மனத்தில் வைத்துப் படித்தால் வறண்ட சட்டமொழி தானாகப் புரியும்.

முதலில் கதவைப் பற்றிய ஷரத்து. புதுக் கம்பெனி, பழைய கம்பெனியின் உள் கணினிகளை நேரடியாகத் தொட முடியாது. இடையில் ஒரு நுழைவாயில் உண்டு. அதன் வழியாக மட்டுமே போக வேண்டும். நாளைக்குப் பத்து இருபது ஆர்டர் போடுபவர்கள் இணையத் திரையில் உட்கார்ந்து அடிப்பார்கள். குவெஸ்ட் கம்பெனியின் ஐ.எம்.ஏ., பெல்சவுத்தின் லென்ஸ், எஸ்.பி.சி.யின் லெக்ஸ் எல்லாம் அப்படிப்பட்ட திரைகளாக இருந்தன. ஆயிரக்கணக்கில் போடுபவர்கள் இ.டி.ஐ. என்ற முறையில் தங்கள் கணினியையே அந்த வாயிலோடு பேச வைப்பார்கள். மனிதர் தலையிட வேண்டியதில்லை. எந்த வாயில், எந்தெந்த வேலைக்கு, எந்த நேரங்களில் திறந்திருக்கும் என்பதை ஒப்பந்தம் அல்லது அது சுட்டும் கையேடு சொல்லும்.

அந்த வாயிலின் வழியாகப் போகும் படிவத்துக்கு எல்.எஸ்.ஆர். என்று பெயர். கட்டங்கள் எவை, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதைத் தொழில்துறையின் ஆர்டர் மற்றும் பில்லிங் மன்றம் வகுத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் அனுப்புபவர் ஓர் எண் கொடுப்பார். எங்கள் பேச்சில் அது 'பான்'. அனுப்பிய பிறகு மாற்றம் வேண்டுமென்றால் அதே பானில் 'சப்' என்ற திருத்த ஆர்டர் போட வேண்டும். சப் 1 என்றால் ரத்து, சப் 2 தேதி மாற்றம், சப் 3 மற்ற திருத்தங்கள். புதிதாக வந்தவர்கள் தேதியை மாற்றப் போய் சப் 1 போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆர்டர் சரியாக இருந்தால் எஃப்.ஓ.சி. வரும்: 'பெற்றுக்கொண்டோம், இந்தத் தேதியில் செய்கிறோம்' என்ற உறுதி. வேலை முடிந்ததும் முடிவறிவிப்பு வரும். எஃப்.ஓ.சி. வந்தாலே லைன் வந்துவிட்டது என்று நினைப்பதுதான் தொடக்கநிலைத் தவறுகளில் முதலாவது. அது வாக்கு மட்டும்தான். முடிவறிவிப்பு வரும்வரை வாடிக்கையாளரிடம் 'ஆகிவிட்டது' என்று சொல்லக் கூடாது.

அடுத்து, நான் மிக முக்கியம் என்று நினைக்கும் ஷரத்து: வாடிக்கையாளரின் பதிவேட்டைப் பார்ப்பது. இதை சி.எஸ்.ஆர். என்பார்கள். பெயர், சேவை முகவரி, பில் முகவரி, எத்தனை லைன், ஒவ்வொரு லைனிலும் என்னென்ன வசதி என்று எல்லாம் அதில் இருக்கும். வசதிகள் குறியீடுகளில் இருக்கும்; கால் வெயிட்டிங்குக்கு ஈ.எஸ்.எக்ஸ்., கால் ஃபார்வர்டிங்குக்கு ஈ.எஸ்.எம்., மாதக் கட்டணத்தில் வரும் வியாபார லைனுக்கு ஒன் எஃப் பி. இந்தப் பதிவேடு இல்லாமல் ஆர்டர் போட்டால் கடைக்காரர் புதுக் கம்பெனிக்கு வந்த மறுநாள், 'ஒரு லைன் பிஸியாக இருந்தால் அழைப்பு அடுத்த லைனுக்குப் போகுமே, இப்போது போகவில்லையே' என்று போன் செய்வார். ஆகவே பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் அதே பதிவேட்டை ஊரிலுள்ள எல்லாக் கடைகளுக்கும் எடுத்துப் பார்த்தால்? யார் அதிகம் செலவழிக்கிறார்கள், யாரிடம் விற்கப் போகலாம் என்று ஒரே இரவில் பட்டியல் தயாராகிவிடும். அதனால் ஒப்பந்தம், வாடிக்கையாளரின் அனுமதி வாங்கிய பிறகே பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லும். ஒவ்வொரு முறையும் அனுமதிக் கடிதத்தின் நகலை அனுப்பச் சொன்னால் வேலை ஓடாது. எனவே பெரும்பாலும் புதுக் கம்பெனி ஒரு பொது உறுதிமொழியைத் தந்துவிடும்: 'நாங்கள் பார்க்கும் எந்தப் பதிவேட்டுக்கும் அந்த வாடிக்கையாளரின் அனுமதி எங்களிடம் இருக்கும்.' பழைய கம்பெனி அதை நம்பித் திறந்துவிடும். தகராறு வந்தால் காட்டச் சொல்லும். காட்ட முடியாவிட்டால் பொறுப்பு முழுக்கப் புதுக் கம்பெனியுடையது. வரும் நஷ்டத்தையும் அதுவே ஈடுகட்ட வேண்டும்.

வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவரைக் கம்பெனி மாற்றுவதற்கு அங்கே ஸ்லாமிங் என்று பெயர்; சட்டத்தின் 258-வது பிரிவு அதைத் தடை செய்கிறது. கையெழுத்திட்ட கடிதமோ, மூன்றாம் ஆள் ஒருவர் போனில் கேட்டுப் பதிவு செய்த சம்மதமோ, மின்வழிச் சம்மதமோ இருக்க வேண்டும். அந்தச் சான்றைக் குறைந்தது இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நாங்கள் சென்னையில் உட்கார்ந்து ஆர்டர் அடித்தபோது அந்தச் சான்று எங்கள் கையில் இருக்காது. விற்ற ஆளிடம் இருக்கும். அது உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்காமல் பதிவேட்டைத் திறப்பது, அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்குச் சமம். எங்கள் சீனியர் இதில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இப்போது மறுபக்கச் சபலத்துக்கு வருவோம். ஆர்டர் வந்த நொடியில் பழைய கம்பெனிக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடுகிறது: இன்னார் நம்மை விட்டுப் போகப் போகிறார், இன்ன தேதியில். கையில் சில நாள் இருக்கிறது. அவரைக் கூப்பிட்டு, 'போகாதீர்கள், கட்டணத்தைக் குறைக்கிறோம்' என்று சொன்னால் என்ன?

சட்டத்தின் 222-வது பிரிவில் இதற்கு நேரடியான விதி இருக்கிறது. ஒரு கம்பெனி, சேவை தருவதற்காக இன்னொரு கம்பெனியிடமிருந்து பெற்ற தகவலை அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். தன் சொந்த விற்பனை முயற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. இது எவ்வளவு கூர்மையான விதி என்பது 2008-இல் தெரிந்தது. வெரைசான் என்ற பழைய கம்பெனியின் பகுதியில் பிரைட் ஹவுஸ், காம்காஸ்ட் போன்ற கேபிள் கம்பெனிகள் போன் சேவை கொடுக்கத் தொடங்கியிருந்தன. வாடிக்கையாளரின் எண்ணைத் தங்களிடம் மாற்றித் தரும்படி அவர்கள் எல்.எஸ்.ஆர். அனுப்பியதும், எண் மாறுவதற்கு முன்பாகவே வெரைசான் அந்த வாடிக்கையாளருக்குக் கட்டணச் சலுகையும் பரிசு அட்டையும் தருவதாக அவசரத் தபால் அனுப்பியது. அவர் மனம் மாறினால் ஆர்டர் ரத்து. கேபிள் கம்பெனிகள் புகார் கொடுத்தன. எஃப்.சி.சி.யின் தலைவர் கெவின் மார்ட்டின் ஒருவர் எதிர்த்து வாக்களிக்க, மற்ற நால்வரும் 2008 ஜூனில் வெரைசான் செய்தது தவறு என்று முடிவு சொன்னார்கள். 2009 பிப்ரவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வாடிக்கையாளருக்குக் குறைந்த கட்டணம் கிடைத்தால் நல்லதுதானே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் ஆர்டர் என்பது புதுக் கம்பெனி சட்டப்படி வேறு வழியில்லாமல் எதிராளியிடம் ஒப்படைக்கும் ரகசியம். அதையே ஆயுதமாக்கலாம் என்றால், ஒவ்வொரு ஆர்டரும் அனுப்பியவருக்கே எதிராகத் திரும்பும். எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவாகக் கட்டணத்தைக் குறைத்து விளம்பரம் செய்யப் பழைய கம்பெனிக்கு யாரும் தடை போடவில்லை. நல்ல ஒப்பந்தம் இந்த விதியைத் தன் சொற்களிலும் எழுதி வைத்திருக்கும்: ஆர்டர் பிரிவுக்கு வரும் தகவல் விற்பனைப் பிரிவின் கண்ணில் படக் கூடாது. உங்கள் ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு ஷரத்து ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கம்பெனி எழுதித் தரும் மாதிரி ஒப்பந்தங்களில் புதுக் கம்பெனி என்னென்ன செய்யக் கூடாது என்பது பக்கம் பக்கமாக இருக்கும். தாங்கள் செய்யக் கூடாதது இரண்டு வரியில் முடிந்துவிடும்.

பாஸ்வேர்டு, லாகின் விதிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆளுக்கொரு லாகின், பகிரக் கூடாது, வேலையை விட்டவரின் லாகினை உடனே முடக்கச் சொல்ல வேண்டும். புதுக் கம்பெனியின் சார்பில் வேலை செய்யும் வெளி ஆட்களுக்கும், அதாவது எங்களைப் போன்ற பின்னணி அலுவலகங்களுக்கும், இதே விதிகள் பொருந்தும். நாங்கள் தவறு செய்தால் கம்பெனியே செய்ததாகக் கொள்ளப்படும்.

ஆனால் இந்த விதிகளுக்குப் பின்னால் வரும் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதைக் கணினி வழியாகவே கண்காணிக்கவும், பதிவுகளைத் தணிக்கை செய்யவும் பழைய கம்பெனிக்கு உரிமை உண்டு என்று அங்கே இருக்கும். விதிமீறல் என்று அவர்கள் கருதினால் எழுத்தில் நோட்டீஸ் தருவார்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் அணுகலை நிறுத்தி வைப்பார்கள். சில ஒப்பந்தங்களில் இந்த அவகாசம் பத்தே நாள். அணுகல் நின்றால் புது ஆர்டர் இல்லை, பழுதுப் புகார் கொடுக்க முடியாது. இருக்கும் வாடிக்கையாளருக்குக்கூட ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் தொழிலில் அது மூச்சை நிறுத்துவது போல. எனவே மூன்று விஷயங்களைத் தேடுங்கள். விதிமீறல் நடந்ததா என்பதில் தகராறு இருந்தால், அது தீரும்வரை அணுகல் தொடருமா? ஓர் ஊழியர் செய்த தவறுக்கு அவருடைய லாகின் மட்டும் முடங்குமா, மொத்தக் கம்பெனியுமா? மாநில ஆணையத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டுமா? இவை எழுதப்படாமல் இருந்தால் பேச்சுவார்த்தையில் முதலில் பிடிக்க வேண்டிய இடம் இதுதான்.

நேரத்தைப் பற்றிய ஷரத்துகள் வேறு ரகம். ஆர்டர் வந்து எத்தனை மணிக்குள் எஃப்.ஓ.சி., தவறான ஆர்டரை எத்தனை மணிக்குள் திருப்ப வேண்டும், சொன்ன தேதியில் எத்தனை சதவீதம் வேலை முடிந்தது, கை படாமல் கணினியிலேயே ஓடி முடிந்த ஆர்டர் எத்தனை என்று அளவுகோல்கள் இருக்கும். தவறினால் பில்லில் கழிவு. பழைய கம்பெனிகள் இதற்கு ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. வட்டாரக் கம்பெனிகளுக்குத் தங்கள் பகுதியில் நெடுந்தூர அழைப்புச் சேவை விற்கத் தடை இருந்தது. உள்ளூர்க் கதவைத் திறந்துவிட்டோம் என்று 14 அம்சப் பட்டியல்படி நிரூபித்தால்தான் அந்தத் தடை நீங்கும் என்று 1996 சட்டத்தின் 271-வது பிரிவு சொன்னது.

முதலில் தேறியது நியூயார்க்கில் பெல் அட்லாண்டிக் என்ற வட்டாரக் கம்பெனி. அதன் ஆர்டர் அமைப்பைக் கே.பி.எம்.ஜி. நிறுவனம், தானே ஒரு புதுக் கம்பெனி போல ஆர்டர் போட்டுப் போட்டுச் சோதித்தது. தரம் குறைந்தால் வருடத்துக்கு 26 கோடியே 90 லட்சம் டாலர்வரை போட்டியாளர்களுக்குக் கழிவாகத் தர வேண்டும் என்ற திட்டமும் இருந்தது. 1999 டிசம்பர் 22 அன்று எஃப்.சி.சி. அனுமதி தந்தது.

அடுத்த சில வாரங்களிலேயே புதுக் கம்பெனிகளிடமிருந்து புகார்கள் குவிந்தன. ஆயிரக்கணக்கில் அனுப்பிய ஆர்டர்களுக்குப் பதிலே இல்லை. சிலவற்றுக்கு 'பெற்றுக்கொண்டோம்' என்ற ஒப்புகைகூட வரவில்லை. சிலவற்றுக்கு வேலை முடிந்த செய்தி வரவில்லை. மின்வழி ஆர்டர் அமைப்பில் கோளாறு. கம்பி எதுவும் அறுபடவில்லை, எக்ஸ்சேஞ்ச் எதுவும் பழுதாகவில்லை. ஆனாலும் போட்டி நின்றுவிட்டது. 2000 மார்ச்சில் பெல் அட்லாண்டிக் எஃப்.சி.சி.யோடு சமரசம் செய்துகொண்டு அமெரிக்கக் கருவூலத்துக்கு 30 லட்சம் டாலர் கட்டியது. நியூயார்க் மாநில ஆணையத்தின் ஏற்பாட்டில் போட்டியாளர்களுக்கு 1 கோடி டாலர் போனது. ஒப்புகை, எஃப்.ஓ.சி., முடிவறிவிப்பு என்ற மூன்று சின்னச் செய்திகளுக்கும் ஒப்பந்தத்தில் தனித்தனியாகக் கெடு எழுத வேண்டும் என்று அனுபவசாலிகள் ஏன் வற்புறுத்துகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அனுப்பிய நேரத்தையும் பதில் வந்த நேரத்தையும் உங்கள் பக்கத்திலும் பதிந்து வையுங்கள். அவர்கள் கணினியின் கணக்கு மட்டுமே சாட்சியாக இருந்தால் உங்கள் புகார் நிற்காது.

பழைய கம்பெனி தன் அமைப்பை மாற்றும்போது என்ன நடக்கும் என்பது இன்னொன்று. படிவத்தில் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்து, அதைக் கட்டாயம் என்று அறிவித்துவிட்டால், இ.டி.ஐ. வழி ஆர்டர் அனுப்பும் புதுக் கம்பெனியின் மென்பொருள் மறுநாளே முடங்கும். அதனால் மாற்றத்தை எத்தனை நாள் முன்பு அறிவிக்க வேண்டும், பழைய வடிவம் எவ்வளவு காலம் கூடவே ஓடும், சோதித்துப் பார்க்கத் தனி இடம் உண்டா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். சாதாரணமாக இது ஒப்பந்தத்துக்கு வெளியே ஓர் ஆவணத்தில் இருக்கும். ஒப்பந்தம் 'அவ்வப்போது திருத்தப்படும் அந்த ஆவணத்தின்படி' என்று சொல்லிவிட்டுப் போகும். அந்தத் திருத்தத்தில் உங்களுக்குக் குரல் உண்டா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கட்டணத்தில் பெரிய ரகசியம் இல்லை. ஆர்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்று இருக்கும். ஃபேக்ஸில் அனுப்பினால் கூடுதல். அவர்கள் கணினி படுத்துவிட்ட நாளில் வேறு வழியில்லாமல் ஃபேக்ஸ் அனுப்பினால் அந்தக் கூடுதல் கட்டணம் உங்கள் தலையில் விழாதபடி ஒரு வரி இருக்கட்டும். கணினியில் காட்டும் தகவல் தவறாக இருந்து அதனால் நஷ்டம் வந்தால் பொறுப்பேற்க முடியாது என்றும் பொதுவாக எழுதியிருப்பார்கள். அப்படியானால் அந்தத் தவறான தகவலால் திரும்பிய ஆர்டருக்கும் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று கேட்பது நியாயம்.

இவ்வளவு இருந்தும், ஆர்டரைத் திருப்பி அனுப்புவதையே ஒரு தடுப்புச் சுவராக்க முடியும். எண்ணைப் புதுக் கம்பெனிக்கு மாற்றித் தர நூறு விவரம் கேட்டு, ஒரு புள்ளி தவறினாலும் திருப்பலாம். எஃப்.சி.சி. 2007 நவம்பரில் இதில் கை வைத்தது. எளிய எண் மாற்றத்தில் வாடிக்கையாளர் சரியானவர்தானா என்று பார்க்க நான்கே விவரம் போதும் என்றது: பத்து இலக்க டெலிபோன் எண், கணக்கு எண், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, கடவுச்சொல் வைத்திருந்தால் அது. 2009 மே மாதம், இப்படிப்பட்ட எளிய மாற்றத்தை நான்கு வேலை நாளிலிருந்து ஒரே வேலை நாளாகக் குறைத்தது. ஒப்பந்தம் பழையதாக இருந்து, அதில் நான்கு நாள் என்றே எழுதியிருந்தாலும் விதி மாறிவிட்டது. 'சட்டம் மாறினால் ஒப்பந்தமும் திருத்தப்படும்' என்ற ஷரத்து அதற்காகத்தான் இருக்கிறது.

அந்த நான்கு விவரங்களில் தெருப்பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் அனுப்பியது எளிய எண் மாற்றம் அல்ல, லைனையே எடுக்கும் ஆர்டர். அதற்கு முகவரி முழுக்கப் பொருந்தியே ஆக வேண்டியிருந்தது. மறுநாள் ராத்திரி வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக அந்த மருந்துக்கடையின் பானைத் திறந்து பார்த்தேன். எஃப்.ஓ.சி. வந்திருந்தது, தேதியும் போட்டிருந்தார்கள். அண்ணனிடம் சந்தோஷமாகச் சொன்னேன். "முடிவறிவிப்பு வந்துச்சா?" என்று கேட்டார். அது வந்தது மூன்று நாள் கழித்து.